கிலோ மலிவு, பிடிதான் விலை: வீட்டிலேயே டம்பெல் செய்யும் கணக்கு

டம்பெல் வாங்கப் போய் விலை கேட்டுப் பாருங்க. "கிலோ இவ்வளவு"ன்னு சொல்வாங்க, கத்தரிக்காய் மாதிரி. அப்படின்னா நாம காசு கொடுத்து வாங்குறது வெறும் நிறை. இன்ஜினியரிங் படிக்கிற யாருக்கும் உடனே ஒரு கேள்வி வரணும்: நிறை எங்கேதான் கிடைக்காது? குழாயைத் திறந்தா லிட்டருக்கு ஒரு கிலோ கொட்டுது. காலேஜ்ல கட்டட வேலை நடக்குற மூலையில மணலும் ஜல்லியும் குவிஞ்சு கிடக்கு. சிவில் லேப்க்குப் பின்னாடி, உடைச்சுப் பார்த்துட்டுத் தூக்கிப் போட்ட கான்கிரீட் கியூப் எல்லாம் அடுக்கி இருக்கும். 15 செ.மீ. பக்கம் உள்ள கியூப், கனஅளவு 3.375 லிட்டர், கான்கிரீட்டோட அடர்த்தி லிட்டருக்கு 2.4 கிலோ, ஆக ஒரு கியூப் கிட்டத்தட்ட 8.1 கிலோ. நிறைக்குப் பஞ்சமே இல்லை.

ஆனா அந்தக் கியூபை ஒரு கையால தூக்கிப் பாருங்க. எங்கே பிடிக்கிறதுன்னே தெரியாது. கடைக்காரர் நமக்கு விக்கிறது அந்த "எங்கே பிடிக்கிறது"ங்கிற கேள்விக்கான பதில். இரும்புத் தலைக்கும் கைக்கும் நடுவுல இருக்கிற கம்பி, அந்தக் கம்பி தலையை விட்டுக் கழண்டு வராம இருக்கிற இணைப்பு, ரெண்டு பக்கமும் ஒரே எடை. வீட்டுல செய்யும்போது முக்கால்வாசி யோசனை இந்த மூணு விஷயத்துக்குத்தான் போகணும். யூடியூபில் பாதி வீடியோ, சிமெண்ட் கலக்குறதைப் பத்து நிமிஷம் காட்டிட்டு, கம்பியைச் சொருகுறதைப் பத்து செகண்டில் முடிச்சுடுறாங்க. அந்தத் தலை முகத்துக்கு மேல இருக்கும்போது கழண்டா என்ன ஆகும்னு யாரும் சொல்றதில்லை.

முதல்ல சிமெண்ட் இல்லாம என்ன செய்யலாம்னு பார்த்துடுவோம். ஏன்னா பாதிப் பேருக்கு அதுவே போதும்.

தண்ணியும் மணலும்

ஒரு லிட்டர் பாட்டில்ல தண்ணி நிரப்பினா ஒரு கிலோ. இதைவிட நம்பகமான எடைக்கல் வீட்டுல கிடையாது. ஆனா தண்ணியோட அடர்த்தி குறைவு. 10 கிலோ வேணும்னா 10 லிட்டர் இடம் வேணும், அது கையில அடங்காது. அதே இடத்துல உலர்ந்த மணலைப் போட்டா லிட்டருக்குச் சுமார் 1.6 கிலோ. இங்கே ஒரு அழகான சின்னக் கணக்கு இருக்கு. மணல் துகள், அதாவது குவார்ட்ஸ், லிட்டருக்கு 2.65 கிலோ. 1.6-ஐ 2.65-ஆல் வகுத்தா 0.6. அப்படின்னா பாட்டில்ல 60 சதவீதம்தான் கல், மீதி 40 சதவீதம் காத்து. அந்தக் காத்து இருக்கிற இடத்துல தண்ணியை ஊத்துங்க. லிட்டருக்கு இன்னும் 0.4 கிலோ சேரும். மொத்தம் 2 கிலோ. ஆக, ரெண்டு லிட்டர் கூல்டிரிங்ஸ் பாட்டில் ஒண்ணு: தண்ணி மட்டும்னா 2 கிலோ, மணல்னா 3.2, மணலும் தண்ணியும்னா 4. ஒரே பாட்டில், எடை ரெண்டு மடங்கு. சாயில் மெக்கானிக்ஸ் பாடத்துல வர்ற போராசிட்டி இதேதான், கொஞ்சம் வேர்வையோட.

நிரப்பும்போது கழுத்து வரைக்கும் நிரப்புங்க. பாதி நிரம்பின பாட்டிலைச் சாய்ச்சா தண்ணி ஒரு பக்கமா ஓடும், அதோட ஈர்ப்பு மையமும் ஓடும், மணிக்கட்டு பின்னாடியே ஓடும். டேங்கர் லாரிக்குள்ளே தடுப்புத் தகடு வைக்கிறது இந்தத் தொல்லையாலதான். பழகினவங்க வேணும்னே பாதி நிரப்பித் தூக்குறாங்க, தள்ளாடுற எடையைச் சமாளிக்கிறதே ஒரு பயிற்சின்னு. புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு அது வேண்டாம்.

20 லிட்டர் தண்ணி கேன் பத்தி ஒரு வார்த்தை. ஹாஸ்டல்ல இதைவிட நல்ல கருவி எதுவும் இல்லைங்கிறது என் கட்சி. இதோட பெரிய பலம், எடையை ஒவ்வொரு கிலோவா ஏத்தலாம். கடை டம்பெல்லில் 5 கிலோவுக்கு அப்புறம் 7.5 கிலோன்னா ஒரே தாவலில் 50 சதவீதம் கூடுது. கேன்ல 10 லிட்டர்ல இருந்து 11 லிட்டருக்குப் போனா 10 சதவீதம்தான். உடம்புக்கு இந்த மெதுவான ஏற்றம்தான் பிடிக்கும். ஆனா கேனைக் கழுத்தைப் பிடிச்சு ஒரு கையில தூக்காதீங்க. அது தூக்குறதுக்குன்னு செஞ்ச பிடி இல்லை, ஈரக் கையில வழுக்கும். மார்போட அணைச்சுப் பிடிச்சு உக்கார்ந்து எழுந்திருக்கிறதுக்கு, காரிடார்ல அணைச்சபடி நடக்கிறதுக்கு இது பிரமாதம். பிளாஸ்டிக் வாளியும் அப்படித்தான். வாளியோட கைப்பிடி, குழாயடியில இருந்து ரூம் வரைக்கும் மெதுவா தூக்கிட்டு வர்றதுக்குச் செஞ்சது. அதுல 15 கிலோ மணலைப் போட்டு ஆட்டினா, காதுக்குப் பக்கத்துல இருக்கிற துளையில கிழியும்.

அரிசிச் சாக்கு இன்னொரு வழி. 25 கிலோ அரிசிப் பையில மணலை நேரா கொட்டாதீங்க, தையல் வழியா தூசி வந்து ரூம் முழுக்கப் படியும். ரெண்டு ரெண்டு கிலோவா தடிமனான பிளாஸ்டிக் கவர்ல கட்டி, டேப் சுத்தி, அந்தக் கட்டுகளைப் பைக்குள்ள போடுங்க. எடையைக் கூட்டணும்னா ஒரு கட்டு சேர்க்கலாம், குறைக்கணும்னா எடுக்கலாம். சாக்குல முக்கால்வாசிக்கு மேல நிரப்பாம விட்டா பிடிக்கத் துணி மடிப்பு கிடைக்கும். அவ்வளவுதான், இதுல வேற நுணுக்கம் இல்லை.

ஒரு 5 கிலோ டம்பெல் டிசைன்

இப்ப கான்கிரீட். குறிக்கோள் 5 கிலோ டம்பெல் ஒரு ஜோடி.

கம்பியில இருந்து ஆரம்பிப்போம். 25 மி.மீ. டிஎம்டி கம்பி, தூண் போடுற இடத்துல துண்டுக் கம்பியா கிடைக்கும், பழைய இரும்புக் கடையிலும் கிடைக்கும். கேட்டு வாங்குங்க, சைட்டுல இருந்து சொல்லாம எடுத்துட்டு வர வேண்டாம். கம்பியோட எடைக்கு சிவில் பசங்க தூக்கத்துல கூடச் சொல்ற சூத்திரம் இருக்கு: மி.மீ.ல் விட்டத்தோட வர்க்கத்தை 162-ஆல் வகுத்தா, ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோன்னு வரும். 625 வகுத்தல் 162, அதாவது 3.86. இந்த 162 எங்கிருந்து வந்ததுன்னு மத்த டிபார்ட்மெண்ட் நண்பர்கள் கேட்பாங்க. வட்டத்தோட பரப்பு, இரும்போட அடர்த்தி 7850, ரெண்டையும் பெருக்கி அலகை மாத்தினா வர்ற எண்தான் அது. ஒரு தடவை நீங்களே போட்டுப் பாருங்க.

கம்பியோட நீளம் 30 செ.மீ. நடுவுல 12 செ.மீ. கைக்கு, ரெண்டு பக்கமும் 9 செ.மீ. கான்கிரீட்டுக்குள்ள. எடை 1.16 கிலோ. 25 மி.மீ. பிடிக்கு மெல்லிசா இருக்குமோன்னு சந்தேகப்பட வேண்டாம். ஒலிம்பிக் பளுதூக்குதல்ல பெண்களுக்கான கம்பி 25 மி.மீ., ஆண்களுக்கு 28 மி.மீ. டிஎம்டி கம்பியில இருக்கிற வரிகள் உள்ளங்கையைப் பதம் பார்க்கும், அதனால பழைய சைக்கிள் டியூபை வெட்டி இழுத்துச் சுத்தினா 28 கிட்ட வந்துடும்.

5 கிலோவுல கம்பி போக மீதி 3.84. ஒரு தலைக்கு 1.92 கிலோ. 2.4-ஆல் வகுத்தா 0.8 லிட்டர். உள்ளே போற 9 செ.மீ. கம்பியும் இடத்தை அடைக்கும், அது 44 மில்லி. ஆக அச்சுக்குள்ள 844 மில்லி இடம் வேணும். அச்சுக்கு நாலு இன்ச் பிவிசி பைப் துண்டு, கடையில 110 மி.மீ.ன்னு சொல்வாங்க. அது வெளி விட்டம். உள் விட்டம் பைப்போட தடிமனைப் பொறுத்து மாறும், ஸ்கேல் வெச்சு அளந்துக்கோங்க. 10.4 செ.மீ.ன்னு வெச்சுக்கிட்டா பரப்பு 85 சதுர செ.மீ. 844-ஐ 85-ஆல் வகுத்தா 9.9. அதாவது 10 செ.மீ. உயரத்துக்குப் பைப்பை வெட்டினா போதும். கம்பி 9 செ.மீ. உள்ளே போகும், அடியில 1 செ.மீ. கான்கிரீட் மூடி இருக்கும். எண்கள் இவ்வளவு ஒழுங்கா வந்து உக்கார்றது தற்செயல் இல்லை, பைப் சைஸுக்கு ஏத்த மாதிரி கம்பி நீளத்தை முன்னாடியே தேர்ந்தெடுத்ததுதான். டிசைன்னா பெரும்பாலும் இப்படித்தான்.

பிவிசி பைப்பைக் கழட்டாம சட்டை மாதிரி அப்படியே விட்டுடுங்க. கான்கிரீட் ஓரம் பெயர்ந்து விழாது, விரிசல் விட்டாலும் துண்டு சிதறாது. ஆனா 3 மி.மீ. தடிமன் பைப்னா அந்தச் சட்டையே சுமார் 140 கிராம் இருக்கும். சரியா 5 கிலோதான் வேணும்னா கான்கிரீட்டை 7 மி.மீ. குறைச்சு ஊத்துங்க. நான் அதுக்கு மெனக்கெட மாட்டேன். 5.28 கிலோவா இருந்தா யாருக்கு என்ன நஷ்டம்? ரெண்டு தலையும் சமமா இருக்கணும், அதுதான் முக்கியம். ஒரு தலை 300 கிராம் கூடினா, கையில இருந்து அதோட மையம் 11 செ.மீ. தள்ளி இருக்கிறதால 0.32 நியூட்டன் மீட்டர் முறுக்கு மணிக்கட்டுல விழும். சின்ன எண்தான். ஆனா ஒவ்வொரு தடவை தூக்கும்போதும் அதே பக்கமா இழுக்கும்.

கலவை

நாலு தலைக்கு 3.2 லிட்டர். வீணாகிறதுக்கும் சேர்த்து 3.5 லிட்டர்னு வைப்போம். 1:1.5:3 விகிதம், அதாவது எம்20-க்கு வழக்கமா சொல்ற கலவை. உலர்ந்த பொருளா அளக்கும்போது 1.54-ஆல் பெருக்கணும், ஏன்னா தண்ணி ஊத்தினதும் ஜல்லி இடுக்குல மணலும் மணல் இடுக்குல சிமெண்டும் போய் உக்கார்ந்து கலவை சுருங்கிடும். மேலே பாட்டில்ல பார்த்த அதே 40 சதவீதக் காத்து விவகாரம். கணக்குப் போட்டா ஒரு லிட்டர் சிமெண்ட், ஒன்றரை லிட்டர் மணல், மூணு லிட்டர் ஜல்லின்னு வசதியா வரும். ஒரு லிட்டர் சிமெண்ட் சுமார் 1.4 கிலோ, ஹார்டுவேர் கடையில சில்லறையா கிடைக்கும். கட்டி கட்டியா இருந்தா வாங்காதீங்க, அது ஏற்கெனவே ஈரம் பட்டு இறுகிடுச்சு. ஜல்லி 12 மி.மீ.க்கு மேல வேண்டாம், கம்பிக்கும் பைப்புக்கும் நடுவுல 4 செ.மீ. இடைவெளிதான் இருக்கு. மணல், எம்-சாண்ட் போதும். கடற்கரை மணலை அள்ளிட்டு வராதீங்க, அதுல இருக்கிற உப்பு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும்.

தண்ணி 700 மில்லி. சிமெண்ட் எடையில பாதி. எல்லாரும் கோட்டை விடுற இடம் இதுதான். 700 மில்லி ஊத்திக் கிளறினா கலவை கொஞ்சம் வறட்சியா, கரண்டிக்கு அடங்காத மாதிரி தெரியும். உடனே இன்னொரு சொம்பு ஊத்தத் தோணும். ஊத்தாதீங்க. சிமெண்டோட வேதிவினைக்கு வேண்டியதைவிட 700 மில்லியே அதிகம். அதுக்கு மேல ஊத்துற தண்ணி பின்னாடி ஆவியாகிப் போய், போன இடமெல்லாம் நுண்துளையா நிக்கும். கம்பியைச் சுத்தியும் நிக்கும். கிளறக் கஷ்டமா இருந்தா இன்னும் அஞ்சு நிமிஷம் கிளறுங்க.

ரப்பர் கையுறை கட்டாயம். ஈர சிமெண்டோட பிஎச் 12-க்கு மேல, சோப்பைவிட ரொம்பக் காரம். கலக்குறப்ப எரியாது, ராத்திரிதான் விரல் இடுக்கு எரிய ஆரம்பிக்கும். தூசி மூக்குல போகாம ஒரு துணியும் கட்டிக்கோங்க.

பிடி எங்கே விட்டுப்போகும்?

பலகை மேல பாலிதீன் ஷீட் விரிச்சு, பைப் துண்டை நிறுத்தி, அடி ஓரத்தைச் சுத்தி களிமண்ணோ சப்பாத்தி மாவோ வெச்சு அடைங்க. நடுவுல 1 செ.மீ. உயரக் கல்துண்டு ஒண்ணு, அது மேல கம்பி. சைட்டுல கவர் பிளாக்னு சொல்வாங்களே, அதேதான். கம்பி செங்குத்தா நிக்க மேல் நுனியில நூல் கட்டி நாலு பக்கமும் இழுத்து ஒட்டுங்க. ரசமட்டம் இல்லாட்டி ஒரு நூல்ல நட்டு கட்டித் தொங்க விட்டாலே போதும். கலவையை மூணு தவணையா போட்டு, ஒவ்வொரு தவணையும் ஒரு சின்னக் கம்பியால 25 தடவை குத்துங்க. ஸ்லம்ப் டெஸ்ட்ல கையை வலிக்க வலிக்கக் குத்தினோமே, அதுக்கு அர்த்தம் இங்கேதான் புரியும். உள்ளே 5 சதவீதம் காத்து தங்கினாலே வலிமை 30 சதவீதம் வரைக்கும் போயிடலாம். பைப் ஓரத்தை வெளியில இருந்தும் தட்டுங்க, குமிழி மேல வர்றது நிக்கிற வரைக்கும்.

இப்ப இந்தக் கம்பி எவ்வளவு இழுத்தா பிடுங்கிட்டு வரும்? ஐ.எஸ். 456-ல் எம்20 கான்கிரீட்டுக்கு, வழவழன்னு இருக்கிற கம்பியோட பிணைப்புத் தகைவு சதுர மி.மீ.க்கு 1.2 நியூட்டன்னு எடுத்துக்கலாம்னு இருக்கு. வரி போட்ட டிஎம்டி கம்பின்னா அதுக்கு மேல 60 சதவீதம், அதாவது 1.92. நம்ம கம்பியோட சுற்றளவு 78.5 மி.மீ., உள்ளே போன நீளம் 90 மி.மீ., தொடுற பரப்பு 7,070 சதுர மி.மீ. 1.92-ஆல் பெருக்கினா 13,500 நியூட்டனுக்கும் மேல. கிலோவுல சொன்னா கிட்டத்தட்ட 1,380. ரெண்டு கிலோ தலைக்கு இந்தப் பிணைப்பு. ஒரு சின்ன காரையே தொங்க விடலாம் போல இருக்கு.

அப்புறம் ஏன் வீட்டு டம்பெல்லோட தலை கழண்டு வருது? கணக்கு தப்பு இல்லை. கணக்கு பேசுறது முழுசா இறுகின, காத்து இல்லாத, விரிசல் விடாத கான்கிரீட்டைப் பத்தி. நிஜத்துல நடக்கிறது வேற. பெயிண்ட் அடிச்ச பைப்பையோ, எண்ணெய்ப் பிசுக்கு உள்ள ராடையோ சொருகுறாங்க. அப்ப சிமெண்ட் ஒட்டுறது பெயிண்ட் மேல, இரும்பு மேல இல்லை. அதனால கம்பியை ஒயர் பிரஷ் போட்டுத் தேய்ச்சு, உதிர்ற துருவை எடுத்துட்டு, சோப்பால கழுவித் துடைச்சுட்டுப் போடுங்க. டிஎம்டி கிடைக்காம முக்கால் இன்ச் ஜிஐ பைப்தான் கிடைச்சுதுன்னா, உள்ளே போற பகுதியில குறுக்கே துளை போட்டு ஒரு போல்ட்டை மாட்டி நட்டு முடுக்குங்க. வெல்டிங் பட்டறையில அஞ்சு நிமிஷ வேலை. பிணைப்பே போனாலும் போல்ட் விடாது, தலை சுத்தவும் சுத்தாது. என்னைக் கேட்டா டிஎம்டிக்கும் இதைச் செய்யலாம், ஒரு சின்னக் குறுக்குத் துண்டை வெல்ட் பண்ணி.

ரெண்டாவது காரணம் அவசரம். நேத்து ஊத்தி, இன்னைக்குக் கெட்டியா இருக்குன்னு ஆட்டிப் பார்க்கிறது. கான்கிரீட் காய்ஞ்சு கெட்டியாகலை. தண்ணியோட வினைபுரிஞ்சு கெட்டியாகுது. அதனால வெயில்ல வெச்சா கெடும், ஈரத்துல வெச்சா வளரும். முதல் தலையை 24 மணி நேரம் தொடாதீங்க, இன்னொரு நாள் விட்டா இன்னும் நல்லது. அப்புறம் தலைகீழா திருப்பி ரெண்டாவது தலையை வார்க்கணும். இப்ப ரெண்டு கிலோ மேல நிக்குது, நூல் தாங்காது. ரெண்டு பக்கமும் செங்கல்லோ செமஸ்டர் முடிஞ்ச புத்தகங்களோ அடுக்கி முதல் தலையை அது மேல உக்கார வைங்க. ரெண்டும் இறுகினதும் ஈரச் சாக்கைச் சுத்தி, மேல பாலிதீன் கவர் போட்டுக் கட்டிடுங்க. தினமும் தண்ணி தெளிக்கணும், குறைஞ்சது ஏழு நாள். ஏழு நாள்ல மொத்த வலிமையில மூணுல ரெண்டு பங்கு மாதிரி வந்துடும். மீதி 28 நாள் வரைக்கும் மெதுவா வரும். நான் 28 நாள் பொறுக்கச் சொல்வேன். அதுவரைக்கும் தண்ணி கேன் இருக்கே.

மூணாவது, கீழே போடுறது. 5 கிலோ, ஒரு மீட்டர் உயரம், ஆற்றல் 49 ஜூல். சிமெண்ட் தரையில விழுந்தா தரையும் அசையாது, தலையும் நசுங்காது, ஒரு மி.மீ.க்குள்ள நின்னுடும்னு வைங்க. ஆற்றலைத் தூரத்தால வகுத்தா சராசரி விசை 49,000 நியூட்டன். அஞ்சு டன்! அதே டம்பெல் 10 மி.மீ. அமுங்கக்கூடிய ரப்பர் பாய் மேல விழுந்தா 4,900, பத்துல ஒரு பங்கு. கான்கிரீட் அமுக்கத்துக்குத்தான் பலசாலி, இழுவைக்கு நோஞ்சான். அடி விழும்போது கம்பியைச் சுத்தி ஆரம் ஆரமா மயிரிழை விரிசல் ஓடும். வெளியில தெரியாது. அதுக்கப்புறம் மேலே போட்ட 1,380 கிலோ கணக்குக்கு எந்த மதிப்பும் இல்லை, ஏன்னா கம்பியை இறுக்கிப் பிடிச்சுட்டு இருந்த வளையமே பிளந்தாச்சு. அதனால பழைய பாய், மடிச்ச போர்வை, ஏதோ ஒண்ணு கீழே எப்பவும் இருக்கட்டும். கீழ்மாடி ரூம்காரனும் வாழ்த்துவான்.

எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது

எடை சரியா வந்துச்சான்னு பார்க்க முனைக் கடைத் தராசே போதும். கடைக்காரர் முறைச்சா, 10 செ.மீ. அகலமுள்ள ஒரு மீட்டர் பலகையை எடுத்து, செங்கல் மேல ஒரு பைப் துண்டை வெச்சு அதுல சீசா மாதிரி நிறுத்துங்க. பலகை மட்டும் சமநிலையில நிக்கணும். ஒரு பக்கம் மையத்துல இருந்து 40 செ.மீ.ல் ஒரு கிலோ உப்பு பாக்கெட். மறு பக்கம் டம்பெல்லோட பிடியைப் பலகைக்குக் குறுக்கே வெச்சு, தலைகள் ரெண்டு பக்கமும் தொங்குற மாதிரி, மையத்தை நோக்கி நகர்த்துங்க. 8 செ.மீ.ல் சமன் ஆச்சுன்னா 5 கிலோ. 7.5 செ.மீ.ல் ஆச்சுன்னா 5.33. உருண்டு போகாம ஒரு டேப் ஒட்டிக்கோங்க.

முதல் தடவை தூக்குறதுக்கு முன்னாடி பாய் மேல ஒரு அடி உயரத்துல பிடிச்சு நல்லா உதறிப் பாருங்க, ஒரு தலையைக் காலிடுக்குல வெச்சு இன்னொண்ணைத் திருகிப் பாருங்க. சுத்தியலால லேசா தட்டினா நல்ல கான்கிரீட் 'டிங்'னு சொல்லும், விரிசல் விட்டது 'டொக்'னு சொல்லும். டைல்ஸ் போடுறவங்க தட்டிப் பார்க்கிற அதே வித்தை. வாரம் ஒரு தடவை இதைச் செய்யுங்க.

குனிஞ்சு இழுக்கிறது, தொங்கவிட்டபடி நடக்கிறது, முழங்கையை மடிச்சுத் தூக்குறது, மார்போட பிடிச்சு உக்கார்ந்து எழுறது எல்லாம் செய்யலாம். மல்லாக்கப் படுத்து முகத்துக்கோ நெஞ்சுக்கோ மேல தூக்குறதுக்கு வீட்டுல வார்த்த டம்பெல் வேண்டவே வேண்டாம். அதுக்குத் தண்டால் இருக்கு, கூடுதல் எடை வேணும்னா புத்தகப் பையை முதுகுல மாட்டிக்கோங்க. நம்ம கேட், ஜிஆர்இ புத்தகங்களுக்கு அந்த ஒரு உபயோகமாவது இருக்கட்டும்.

சுழற்றுறதும் வேண்டாம். இங்கே கர்லாக்கட்டை ஆசை நிறையப் பேருக்கு வரும், குச்சி நுனியில மணல் பாட்டிலைக் கட்டிச் சுத்தினா என்னன்னு. நல்ல கர்லாக்கட்டை ஒரே மரத்துல கடைஞ்சது, பிடியும் தலையும் ஒரே துண்டு, அதுல இணைப்புன்னே ஒண்ணு கிடையாது. எடை கையில இருந்து தள்ளி இருக்கிறதுதான் அதோட சூட்சுமம். 5 கிலோ கட்டையோட ஈர்ப்பு மையம் கையில இருந்து 40 செ.மீ. தள்ளி இருந்தா, கிடைமட்டமா பிடிக்கும்போது மணிக்கட்டுல சுமார் 20 நியூட்டன் மீட்டர் முறுக்கு. அதே 5 கிலோ டம்பெல்லில் மையம் கைக்குள்ளேயே இருக்கு, முறுக்கு பூஜ்யம். சுழலும்போது இன்னும் மோசம். 3 கிலோ எடையை அரை மீட்டர் ஆரத்துல செகண்டுக்கு ஒரு சுத்து சுத்தினா, கீழ்ப் புள்ளியில இழுக்கிற விசை ஏறக்குறைய 89 நியூட்டன், 9 கிலோ தொங்குற மாதிரி. நீங்க கட்டின டேப்புக்கும் கயித்துக்கும் செகண்டுக்கு ஒரு தடவை இந்த மூணு மடங்கு வந்து போகும். அறுந்தா எந்தப் பக்கம் பறக்கும்னு சொல்ல வேண்டியதில்லை, தொடுகோட்டுத் திசையில எதிர்ல யார் நிக்கிறாங்களோ அந்தப் பக்கம்.

தெற்கத்தி கிராமங்கள்ல கிடக்குற இளவட்டக்கல்லை இந்தக் கணக்கோட பார்த்தா சுவாரசியமா இருக்கும். உருண்டையான வழவழப்பான கல், பிடியே கிடையாது. உடையறதுக்கு இணைப்பு இல்லை, கழண்டு வர்றதுக்குத் தலை இல்லை. கஷ்டம் முழுக்கப் பிடிக்கிறதுலதான், அந்தக் கஷ்டத்தையே போட்டியா வெச்சுட்டாங்க. மணல் மூட்டையைக் குனிஞ்சு அணைச்சுத் தோள்ல ஏத்துறது கிட்டத்தட்ட அதே வேலைதான், விழுந்தா கால் விரல் மிச்சமிருக்கும்.

டம்பெல்லில் விரிசல் தெரிஞ்சா எம்-சீல், ஃபெவிக்விக், சிமெண்ட் பால் எதையும் பூச வேண்டாம். மேல் பூச்சு விரிசலை மறைக்குமே தவிர கம்பியைப் பிடிக்காது. தலையை உடைச்சுக் கம்பியை எடுத்து, ஒயர் பிரஷ் போட்டு, திரும்ப வாருங்க. கம்பிக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. உடைஞ்ச துண்டுகளை மணல் மூட்டையில சேர்த்துக்கலாம், அதுவும் லிட்டருக்கு 2.4 கிலோதான்.